அம்பு கிளம்பும் இடம்

செண்பகத்துக்கு முப்பத்தேழாவது வயதில் ஒரு நாற்காலிமேல் ஆசை வந்தது. பதவி நாற்காலி இல்லை. நான்கு கால் உள்ள நிஜ நாற்காலி.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருடமாக ஃபைனல் செக்கிங். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு, பெட்டிக்குள் போகப்போகிற ஷூவைக் கடைசியாகக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. மேஜை இடுப்பு உயரம் இருக்கும். நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று கம்பெனியில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் எல்லாரும் உட்கார்ந்துகொண்டுதான் வேலை பார்க்கிறார்கள்.

நின்று நின்று அவள் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் எலாஸ்டிக் கட்டு ஒன்று கொடுத்து, இனிமேல் நிற்கிற வேலை வேண்டாம், விட்டால் புண்ணாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன். நிற்காத வேலை எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதத்தான் மறந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். மாதனூர் தாண்டி உள்கிராமங்களில் காலை ஆறே முக்காலுக்குப் பெண்களை ஏற்ற ஆரம்பித்தால் எட்டேகாலுக்குக் கம்பெனி கேட். சீட்டு பதினேழு, ஆட்கள் இருபத்தாறு. ஒன்றரை மணி நேரம் இருபத்தாறு வாயும் ஓடும். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. அடிக்கடி கண்ணாடியைச் சரிசெய்வேன், பேச்சு ருசியாகப் போனால் பாட்டைக் குறைப்பேன். அவ்வளவுதான்.

செண்பகம் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பது வேனில் எல்லாருக்கும் தெரியும். முடிக்கவில்லை என்பதும் தெரியும். வாணியம்பாடியில் காலேஜ். எல்லா பேப்பரும் பாஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்று மட்டும் அரியர். அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தபோது அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். ஆறு மாதத்துக்கு என்று சொல்லி கம்பெனியில் சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு என்று சேர்ந்தவர்கள்தான் ரிட்டயர் ஆகிறவரை இருப்பார்கள். நடுவில் ஒரு தடவை எழுதி நாற்பத்தொரு மார்க் வாங்கினாள், வேண்டியது ஐம்பது. இன்னொரு தடவை ஹால் டிக்கெட் வந்த வாரம் அவள் பிரசவ வார்டில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, புருஷன் பூவரசனும் எடுக்கவில்லை. அவன் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவன். வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு வீட்டில் விசேஷம் என்று அர்த்தம்.

போன வருடம் பிப்ரவரியில் இரண்டு செய்தி ஒரே வாரத்தில் வந்தது. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு மே மாதப் பரீட்சைதான் கடைசி, அதற்குப் பிறகு கிடையாது என்று யூனிவர்சிட்டி அறிவித்துவிட்டது. இன்னொன்று, தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் லேப் வேலை ஒன்று காலியாகப் போகிறது. அங்கே லேப் இன்சார்ஜ் முக்தார் அகமது எனக்குப் பழைய பழக்கம். அவரிடம் செண்பகத்தைப் பற்றி நான்தான் வாயை விட்டேன். ஜூலை முடிகிறவரை வேறு யாரையும் எடுக்காமல் நிறுத்தி வைக்கிறேன், ஆனால் சர்டிஃபிகேட் இல்லாமல் முடியாது, ஆடிட்டில் கேட்பார்கள் என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவளையும் அவள் தோழி நசீமுன்னிசாவையும் அங்கே அழைத்துப் போனேன். நசீமுன்னிசா தையல் செக்ஷன். வேனில் எப்போதும் செண்பகத்துக்குப் பக்கத்து சீட்டு. முக்தார் பாய் லேப்பைச் சுற்றிக் காட்டினார். தண்ணீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்துப் புத்தகத்தில் ஏற்றுகிற வேலை. சுழல் நாற்காலி ஒன்று இருந்தது, குஷன் கொஞ்சம் கிழிந்தது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டி, கட்டுப் போட்ட காலை மற்றதன்மேல் வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். நசீமுன்னிசா அவளைத் திட்டி எழுப்பினாள். இப்போதே தூங்கினால் கம்பெனிக்காரன் சொல்வது நிஜமாகிவிடும் என்றாள்.

மூன்று மாதம் இருந்தது. எப்படியும் பத்து மார்க்குக்கு வருகிற கேள்வி ஒன்று உண்டாம். கார்போனைல் சேர்மங்களை ஒடுக்குவது எப்படி, மெக்கானிசம் வரைந்து காட்டுக. போன தடவை அவளைக் கவிழ்த்ததும் அதுதான். அதனால் அதையே பிடித்துக்கொண்டாள். படித்ததை வேனில் வாய்விட்டுச் சொல்லுவாள். பதினைந்து நாளில் நானும் பாதி எம்.எஸ்சி. ஆகிவிட்டேன். ஒன்பதாவதில் என்னை வெளியே அனுப்பின வாத்தியார் உயிரோடு இருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

எனக்குப் புரிந்தவரை கதை இது. கார்பனும் ஆக்சிஜனும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள், நடுவில் இரண்டு கட்டு, அதாவது பிணைப்பு. ஆக்சிஜனுக்கு ஆசை ஜாஸ்தி. இருக்கிற எலெக்ட்ரானையெல்லாம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். கார்பன் எப்போதும் இல்லாத குறையோடு நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு ஹைட்ரஜன் உள்ளே வருகிறது. கூட்டி வருவது போரான். வெறும் கையோடு வராமல் இரண்டு எலெக்ட்ரானோடு வந்து நேராகக் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். உடனே ஆக்சிஜன் ஒரு கட்டைப் பிய்த்துத் தானே எடுத்துக்கொண்டு விலகி நிற்கும். பிறகு மெத்தனாலிடமிருந்து அதற்கும் ஒரு ஹைட்ரஜன் கிடைக்கும், சண்டை தீரும். கீட்டோனாக இருந்தது ஆல்கஹாலாகிவிடும்.

நசீமுன்னிசா கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு எதுக்குடி எம்.எஸ்சி.? எங்க தெருவுக்கு வந்து ஒரு வாரம் இரு. ரெண்டு நடந்துடும்."

கூட்டி வருகிறவர்களிலும் குணபேதம் உண்டாம். சோடியம் போரோஹைட்ரைடு சாது. ஆல்டிஹைடு, கீட்டோனோடு நிறுத்திக்கொள்ளும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு முரடு, எஸ்டர், ஆசிட் எதையும் விடாது, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். யார் யார் எந்த மாதிரி என்று வேனில் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைப் பிரித்துக்கொண்டார்கள். பூவரசன் போரோஹைட்ரைடு பக்கம் போனான். என்னை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

இந்தக் கதையை வார்த்தையில் எழுதினால் மார்க் கிடையாது. அணுக்களை எழுத்தால் எழுதி, எலெக்ட்ரான் போகிற வழியை வளைந்த அம்பால் காட்ட வேண்டும். அம்பு போடுவதில்தான் மொத்த மார்க்கும்.

அம்பு செண்பகத்துக்குப் புதிதில்லை. செக்கிங் மேஜையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் ரோலாக இருக்கும், விரல் நகம் நீளம். ஷூவில் நூல் விட்டிருந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ, தோல் சுருங்கியிருந்தாலோ, குறை இருக்கிற இடத்தில் நுனி படுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ரிப்பேருக்கு அனுப்புவாள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது ஒட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் நுனி ஒரு நூல் பிசகாது. அவள் அம்பு வைத்த இடத்தில் குறை இல்லை என்று சூப்பர்வைசர்கூட ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டில் படிக்க நேரம் இல்லை. வேனும் டீ டைமும்தான். ஷூ பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை அட்டையில் அறுகோணமும் எழுத்தும் பேனாவால் போட்டு எடுத்து வருவாள். ஓடுகிற வேனில் அம்பு வரைந்தால், நான் பிரேக் அடிக்கிறபோது அது நசீமுன்னிசாவின் புர்காவில் போய் முடிந்தது. இரண்டு தடவை திட்டு வாங்கின பிறகு, மேஜையில் வீணாகிற ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து அட்டையில் ஒட்டிப் பழக ஆரம்பித்தாள். கார்பன்மேல் ஒரு நுனி. ஆக்சிஜன்மேல் ஒரு நுனி. தப்பென்றால் பிய்த்து மறுபடி ஒட்டுவாள். பார்க்க அழகாக இருந்தது. மற்ற பெண்களும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் நாற்பது அட்டையாவது ஆகியிருக்கும்.

ஒரு நாள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது நானும் ஒரு அட்டையை வாங்கிப் பார்த்தேன். சும்மா வாய் இருக்க மாட்டாமல்தான் கேட்டேன்: "ஏம்மா, இந்த அம்பு எங்க எறங்குதுன்னு தெரியுது. எங்க ஏறுதுன்னு காணமே?"

"போய்ச் சேர்ற எடம்தாண்ணே முக்கியம். குறை எங்க இருக்குதோ அங்க நுனி இருக்கணும்."

ஏறின இடம் எழுதாவிட்டால் என் ட்ரிப் ஷீட்டையே மேனேஜர் மூஞ்சியில் எறிவார் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் எனக்குப் போதும். கேட் திறந்தது, அட்டையைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நான் கேட்டது கேள்விதான் என்பது எனக்கே தெரியாது.

மே மாதம் வேலூரில் போய் எழுதினாள். மறுநாள் வேனில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியே வந்திருந்ததாம். சைக்ளோஹெக்சனோனும் சோடியம் போரோஹைட்ரைடும். ஏழு அம்பு போட்டேன், ஒரு நுனிகூடப் பிசகவில்லை என்றாள். நசீமுன்னிசா வீட்டிலிருந்து ஒரு டிபன் நிறையச் சேமியா வந்தது. டிரைவருக்கு முதல் பங்கு. முக்தார் பாயிடம் நானே போன் பண்ணி நாற்காலிக் குஷனைத் தைத்து வைக்கச் சொன்னேன்.

ஜூலை முதல் வாரம் ரிசல்ட். நாற்பத்தாறு.

அன்று காலை வேனில் ஏறும்போதே தெரிந்துவிட்டது.  அடுத்த வாரம் விடைத்தாளின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி, பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். வேனில் ஏறியும் அதைப் பிரிக்கவில்லை. பிறகு நசீமுன்னிசா பிடுங்கிப் பிரித்தாள். நான் வண்டியை ஒரு புளியமரத்துக்குக் கீழே ஓரம் கட்டினேன். எட்டேகாலுக்கு கேட் என்று யாரும் அன்றைக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அந்தப் பத்து மார்க் கேள்விக்கு மூன்று போட்டிருந்தார்கள். கடைசியில் வந்த பொருள் சரி, அதற்கு மட்டும். ஏழு அம்புக்கும் பின்பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. வேறு எதுவும் எழுதவில்லை. அம்புகளை நானும் பார்த்தேன். எல்லாம் விரல் நகம் நீளம். நுனி அந்தந்த அணுவில் பட்டிருந்தது. பின்பக்கம் வெள்ளைக் காகிதத்தில் தனியாக நின்றது. பேனாவால் வரைந்த ஸ்டிக்கர்.

நசீமுன்னிசா திருத்தினவனைத் திட்ட ஆரம்பித்தாள். நுனி எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, கண் தெரியாதவனா என்றாள். செண்பகம் தாளை வாங்கி மடித்தாள்.

"அம்புங்கறது எலெக்ட்ரான் போற வழி. அது எங்க இருக்குதோ அங்கருந்துதான் கிளம்பணும். போரானுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல ஒரு கட்டு இருக்குது இல்ல, அதுக்குள்ளதான் அந்த ரெண்டு எலெக்ட்ரானும் இருக்குது. அங்கருந்து வரணும். நான் அந்தரத்துலருந்து உட்டிருக்கேன்."

காலேஜில் இது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்ததாம். அவளுக்கும் தெரியுமாம். கைக்குத்தான் மறந்துவிட்டது என்றாள். குறை இருக்கிற இடத்தைக் காட்டிக் காட்டிப் பழகின கை. ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கம்பெனியில் யார் கேட்கப் போகிறார்கள்.

மறுமதிப்பீட்டுக்குப் போடு என்று வேன் முழுக்கச் சொல்லிற்று. நாலு மார்க்தானே, வேறு ஆள் திருத்தினால் மனசு வைக்க மாட்டானா, கடைசி வாய்ப்பு என்று தெரிந்தால் எந்த மனுஷனும் தள்ளிவிடுவான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் என் பங்குக்குப் பேசினேன். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நானா இருந்தாலும் ரிஜெக்ட்தாண்ணே போட்டிருப்பேன்."

 பதினோரு வருடமாக அவள் அப்படித்தான். தெரிந்த பெண் தைத்த ஷூ, ரிப்பேருக்குப் போனால் தைத்தவளுக்குத் திட்டு விழும் என்றாலும், குறை குறைதான் என்று அம்பை ஒட்டி அனுப்புவாள். அதற்காக அவளோடு பேசாமல் இருந்தவர்களும் அந்த வேனில் உண்டு. அவர்களில் ஒருத்தி அன்றைக்கு அழுதாள்.

பூவரசன் அவளிடம் சொல்லாமல் மறுமதிப்பீட்டுக்குப் போட்டான். இதை அவனே டீக்கடையில் வந்து எனக்குச் சொன்னபோது ஆகஸ்ட் பிறந்து இரண்டு நாள். தோல் ஷாப்பு நாற்றத்தோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். செல்போனை நீட்டினான். மாற்றம் இல்லை என்று ஒரு வரி.

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா எதையாவது தமாஷா சொல்லுவீங்க. நான் சொன்னா அவ மொகத்த பாக்க முடியாது."

சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரியெல்லாம் ஒரு தமாஷ் யோசித்தேன். ஊரில் நடக்காத கல்யாணத்துக்குக்கூட ஜோக் வைத்திருக்கிறவன் நான், ஒன்றும் வரவில்லை. காலையில் அவள் ஏறினாள். நான் கண்ணாடியைச் சரிசெய்தேன், பாட்டைக் குறைத்தேன், தொண்டையைக் கனைத்தேன். அவள் முந்திக்கொண்டாள். அவர் போனில் வந்ததை நேற்றே பார்த்துவிட்டேன், அவரிடம் பார்த்ததாகச் சொல்லாதீர்கள், பாவம், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். பூவரசனிடம், சொல்ல இன்னும் நேரம் வரவில்லை என்று மழுப்பிவிட்டேன். அதனால் இன்றுவரை அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான்.

முக்தார் பாய்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஜூலை முடிகிறவரை என்று சொன்னவர் ஆகஸ்டிலும் ஒரு வாரம் இழுத்தார். நான் போய் நின்றேன். அவள் செக்கிங்கில் இருக்கிற சுத்தத்துக்கு எந்த சர்டிஃபிகேட் வேண்டும் என்று வாதாடினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தால் வேலை முடியாது என்று அர்த்தம்.

கம்பெனியில் செண்பகம் ஒரு ஸ்டூல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் சீட்டையும் சேர்த்துத்தான். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. உண்மைதான். எல்லாருக்கும் கால் இருக்கிறது.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் என் ட்ரிப் ஷீட்டில் ஒரு ஸ்டாப் கூடியது. கழிவுநீர் நிலையத்துக்கு ஒரு ஆளை நம் வேனிலேயே ஏற்றிவரச் சொல்லிவிட்டார்கள். பெயர் சௌந்தர்யா, இருபத்துமூன்று வயது, எம்.எஸ்சி., அரியர் இல்லை. நல்ல பெண். ஏறும்போதே எனக்கு வணக்கம் சொன்னாள். மார்போடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினாள். செண்பகம்தான் நசீமுன்னிசாவை இடித்துத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக இடம் கொடுத்தாள்.

இன்று முதல் நாள், பயமாக இருக்கிறது, லேப்பில் என்னவெல்லாம் கேட்பார்களோ என்று அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தாள். பிறகு செண்பகத்தைப் பார்த்து, நீங்கள் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டாள். நசீமுன்னிசாவுக்கு வாய் நிற்குமா. "இவளும் உன்ன மாதிரிதாம்மா, கெமிஸ்..." என்று ஆரம்பித்தாள். செண்பகம் அவள் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். கண்ணாடியில் எனக்கு அந்தக் கை தெரிந்தது.

"செக்கிங்மா. ஃபைனல் செக்கிங்."

சௌந்தர்யாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளாம். அந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"பத்தாவது போதும்" என்றாள் செண்பகம்.

கழிவுநீர் நிலையத்து கேட்டில் நிறுத்தினேன். சௌந்தர்யா எல்லாருக்கும் கை காட்டிவிட்டு இறங்கிப் போனாள். வண்டியை எடுத்து மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். சீட்டில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. செண்பகம் நகர்ந்து உட்காரவில்லை. மூன்று பேர் இருக்கிற மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தாள்.